சாட்சியாய் நின்ற காடு: சயாம் மரண ரயிலும் மலேசியத் தமிழ்ப் புனைகதையும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையினர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதை, தாய்லாந்தின் பான் போங் வட்டாரத்தில் தொடங்கிப் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்டது. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய இப்பணி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. இதில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். போர் முடிந்ததும் அவர்தம் உடல்கள் காட்டினின்றும் தேடி எடுக்கப்பட்டன. பிரிட்டானிய, ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களின் உடல்கள் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று இடங்களில் முறையாக அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் வயதும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன.

அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். இவர்களுக்குத் தனிக் கல்லறைகள் இல்லை. முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. போர்க்கைதிகளுள் பலர் நாட்குறிப்பு எழுதினர்; ஓவியம் தீட்டினர்; பின்னாளில் நினைவுநூல்கள் வெளியிட்டனர். பெரும்பாலும் எழுத்தறிவு வாய்க்கப் பெறாத தோட்டத் தொழிலாளி தன் கைப்பட எழுதி விட்டுச் சென்றது மிகமிகக் குறைவு.

இத்தகைய சூழலில் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது யார் என்னும் வினா எழுகின்றது. மலேசியத் தமிழ் நாவலாசிரியர்கள் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டனர். மனிதர் பேச இயலாத இடத்தில் அவர்கள் காட்டையும் மழையையும் ஆற்றையும் மூங்கிலையும் பால்மரத்தையும் நிறுத்தினர். இந்த இயற்கைச் சாட்சியத்தை வரலாற்று மாணவர் எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இயற்கை சாட்சியாக நிற்குங்கால் வரலாற்றுக்குத் துணை செய்கிறது என்பதும், அதுவே குற்றவாளியின் இடத்தில் நிறுத்தப்படுங்கால் உண்மைக் குற்றவாளிகள் தப்பிவிடுகின்றனர் என்பதும் நாம் இங்கு நிறுவ முனையும் கருத்துகளாகும்.

தமிழ் மரபில் மூவகைச் சாட்சிகள்

இயற்கையைச் சாட்சியாகக் கொள்வது தமிழுக்குப் புதிதன்று. நம் மரபில் குறைந்தது மூன்று வகைகளைக் காண்கிறோம்.

முதலாவது, கண்டும் பேசாத சாட்சி. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் குருகினை நாம் அனைவரும் அறிவோம். தலைவன் தலைவியைக் கூடிய வேளையில் அங்கே வேறு மனிதர் எவருமில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றே இருந்தது. தலைவன் சொல் தவறினால் தலைவிக்கு என்ன வழி? குருகு அங்கு இருந்தது என்பது உண்மை. ஆயினும் அதன் கவனம் மீனின் மேல் இருந்தது. இயற்கையின் சாட்சியத்தில் உள்ள குறைபாட்டை இவ்வளவு கூர்மையாக உணர்த்திய பாடல் பிறிதொன்று இருத்தல் அரிது.

இரண்டாவது, மாறாதிருப்பதனாலேயே மாற்றத்தைக் காட்டும் சாட்சி. புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த அப்பெண்கள் நிலவைச் சுட்டுகின்றனர். சென்ற திங்களும் இந்தத் திங்களும் வானில் ஒன்றே. ஆனால் இடையில் தந்தையும் நாடும் இல்லாது போயின. போரையும் புலப்பெயர்வையும் இயற்கையின் முன்னிலையில் வைத்துப் பேசிய தொன்மையான தமிழ்ச் சான்றுகளுள் இது தலையாயது. இதன் துறை கையறுநிலை.

மூன்றாவது, அழைத்தால் வந்து பேசும் சாட்சி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து இறுதிப் படலத்தில், திருப்புறம்பியத்தில் நிகழ்ந்த ஒரு திருமணத்திற்குச் சான்றாக வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கே வந்து நிற்கின்றன. வன்னி மரம் சான்றான செய்தி சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையிலும் சுட்டப்படுகிறது. ஊர் நம்ப மறுத்த ஒரு பெண்ணின் பொருட்டு மரம் இடம்பெயர்ந்து வந்து அவள் சொல்லை மெய்ப்பிக்கிறது.

குருகு, நிலவு, வன்னி ஆகிய இம்மூன்றும் மலேசியத் தமிழ்ப் போர்க்காலப் புனைகதைகளை வாசிப்பதற்கு நமக்கு அளவுகோல்களாக அமைகின்றன. கண்டும் பேசாதது எது, மாறாது நின்று இழப்பை உணர்த்துவது எது, பாதிக்கப்பட்டோர் பொருட்டு வந்து பேசுவது எது என்று ஒவ்வோர் இடத்திலும் வினவுதல் வேண்டும்.

ஆற்றுக்குப் பெயரிட்ட கதை

இந்த ரயில் பாதையை உலகறியச் செய்தது ஒரு புனைகதையே. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952இல் எழுதிய நாவலும், அதனை அடியொற்றி 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படமும் பெரும்புகழ் ஈட்டின. பூல் போருக்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். தோட்டப்புறத் தமிழரை அவர் நேரில் கண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்தம் கதையின் மையத்தில் நின்றோர் போர்க்கைதிகளே.

இங்கு இயற்கைக்கு நேர்ந்ததை நாம் கருதிப் பார்த்தல் தகும். ரயில் பாதை குவே நொய் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிச் சென்றது. ஆனால் இன்று பயணிகள் காணச் செல்லும் தாமர்க்கான் பாலம் மே குளோங் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டதாகும். திரைப்படத்தைக் கண்டு வந்தவர்கள் குவாய் நதிப் பாலத்தைத் தேடியதால், 1960களில் அவ்வாற்றின் மேற்பகுதிக்குக் குவே யாய், அதாவது பெரிய கிளையாறு, என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. திரைப்படமோ தாய்லாந்தில் எடுக்கப்படவே இல்லை. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில் அது படமாக்கப்பட்டது.

ஆகவே உலகத்தார் மனத்தில் பதிந்த அந்தக் காடு வேறொரு நாட்டின் காடு. அந்த ஆற்றின் பெயர் கதையால் வந்த பெயர். புனைகதைக்கு ஓர் ஆற்றின் பெயரையே மாற்றும் ஆற்றல் உண்டெனில், அது எவருடைய சாட்சியத்தை முன்னிறுத்துகிறது என்பது சிறிய செய்தியன்று. தமிழில் இப்பொருள் பற்றி நாவல் எழுத முற்பட்டோர் இந்த உலகப் புகழ்பெற்ற கதைக்கு எதிர்நிலையில் நின்றே எழுத வேண்டியிருந்தது.

மழை, மூங்கில், ஆறு

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. ஜப்பானியர் ஆட்சியை இளம் வயதில் கண்டு வளர்ந்த அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இல் வெளிவந்தது. கோ. புண்ணியவானின் 'கையறு' 2020இல் வெளிவந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளியில் ஒரே வரலாற்று நிகழ்வை மையமாக வைத்து எழுதப்பட்ட இம்மூன்று நாவல்களையும் ஒரு தொகுதியாக வைத்து வாசிப்பது பயனுடைத்து. கைவசம் ஆவணம் இல்லாத நிலையில், மீண்டு வந்தோரிடமும் அவர்தம் உறவினரிடமும் வழங்கிய வாய்மொழிச் செய்திகளே இப்பொருள் பற்றி எழுதுவோர்க்கு முதன்மை ஆதாரம். அவ்வாய்மொழி நினைவில் இயற்கை பெரிய இடத்தைப் பெறுகின்றது. ஆண்டும் நாளும் மறந்தவர்க்கும் மழை மறக்கவில்லை.

இந்த நினைவு வரலாற்றுச் செய்திகளோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதை மூன்று கூறுகளில் காணலாம்.

முதலாவது மழை. 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாதையை விரைந்து முடிக்குமாறு ஜப்பானியத் தலைமை ஆணையிட்டது. வேலை நேரம் நீண்டது. மேலும் பல்லாயிரவர் கொண்டுவரப்பட்டனர். இந்த விரைவும் தென்மேற்குப் பருவமழையும் ஒருங்கே வந்தன. சாலைகள் சேறாகி உணவு வண்டிகள் மேல்முகாம்களை எட்ட இயலாது போயிற்று. மே மாதத்திலிருந்து வாந்திபேதி பரவிற்று. ஆகவே மீண்டு வந்த ஒருவர் 'மழை வந்த பிறகுதான் சாவு மிகுந்தது' என்று சொல்வாராயின், அது வெறும் உணர்ச்சிக் கூற்று ஆகாது. 1943இன் மே முதல் அக்டோபர் வரையிலான காலத்தைக் குறிக்கும் ஒரு காலக்குறிப்பு ஆகும். நாட்காட்டி இல்லாதவரின் நாட்காட்டியாகப் பருவம் அமைந்தது.

இரண்டாவது மூங்கில். முகாமின் குடிசை மூங்கிலால் ஆனது. படுக்கும் பரணும் மூங்கிலே. நீர் முகக்கும் குவளையும் நோயாளியைத் தூக்கும் பாடையும் அதுவே. காட்டை வெட்டும்போது மூங்கில் முள்ளும் சிம்பும் காலைக் கீறின. சத்துணவற்ற உடலில் அக்கீறல் சில நாள்களில் எலும்பு தெரியும் புண்ணாக மாறிற்று. போர்க்கைதிகளின் மருத்துவக் குறிப்புகள் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளன. வீடாகவும் கருவியாகவும் காயமாகவும் பாடையாகவும் ஒரே தாவரம் அமைந்தமையைத் தமிழ்க் கதைகள் இயல்பாகவே பற்றிக்கொண்டன. பாடை என்னும் சொல்லே நம் வழக்கில் மூங்கிலை நினைவூட்டுவதன்றோ!

மூன்றாவது ஆறு. முகாம்கள் நீருக்காக ஆற்றை ஒட்டி அமைந்தன. மேல்முகாமில் கழிவு கலந்த நீர் கீழ்முகாமில் குடிநீராயிற்று. வாந்திபேதி ஆற்று வழியே இறங்கிற்று. ஆறு உயிர் கொடுத்தது. அதே ஆறு நோயைச் சுமந்தது. சில வேளைகளில் அடக்கம் செய்ய ஆளில்லாத உடல்களையும் சுமந்தது. தமிழர்க்கு ஆற்றங்கரை என்பது நீர்க்கடன் செய்யும் இடமுமாகும். கடன் செய்ய மகனில்லாத நிலையில் ஆறே அதனைச் செய்ததாகக் கருதும் மனநிலை இக்கதைகளின் அடியோட்டமாக உள்ளது எனலாம். இங்கே ஆறு, வன்னி மரத்தின் இடத்திற்கு அருகே வந்து நிற்கிறது.

காடு குற்றவாளியா?

இவ்விடத்தில்தான் நாம் ஓர் எச்சரிக்கையை முன்வைக்க வேண்டியுள்ளது. மீண்டு வந்தோர் 'காடு தின்றுவிட்டது', 'காய்ச்சல் கொண்டுபோயிற்று', 'பேதி வாரிக்கொண்டது' என்ற வகையில் பேசுவது இயல்பு. வாழ்க்கையின் மிகக் கொடிய அனுபவத்தை ஒருவர் தமக்கு விளங்கும் மொழியில் சொல்வதை நாம் குறை கூற இயலாது. ஆனால் அதே தொடரை நாவலாசிரியரும் ஆசிரியரும் வரலாற்று நூலும் மீண்டும் மீண்டும் எழுதும்போது எழுவாய் மாறிவிடுகிறது. கொன்றது காடு என்றாகிவிடுகிறது.

இதனை மெய்ப்பார்க்க ஓர் எளிய வழி உண்டு. போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும் ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே ஆற்றங்கரையில் இருந்தனர். போர்க்கைதிகளுள் மாண்டோர் ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு எண்ணிக்கை மதிப்பிடுவோரைப் பொறுத்து வேறுபடினும், 90,000 அளவில் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்காகும். அதாவது விகிதம் ஏறத்தாழ இருமடங்கு. கொன்றது காடு மட்டுமே எனில் இந்த வேறுபாடு எழ வேண்டியதில்லை.

வேறுபாட்டின் காரணங்கள் மனிதரிடத்தே உள்ளன. போர்க்கைதிகளுக்குப் படை அமைப்பும் தங்கள் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். மருந்து இல்லாதபோதும் நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், உடல்களை எரிக்க வேண்டும், கழிப்பிடத்தைத் தள்ளி அமைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே இருந்தது. தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் இத்தகைய ஏற்பாடுகள் பெரும்பாலும் இல்லை. சிலர் மனைவி மக்களோடும் வந்திருந்தனர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற வாக்குறுதியை நம்பி வந்தவர்கள் உண்டு. பின்னர் வலுக்கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் சார்பில் முகாம் அதிகாரியிடம் பேசுவதற்கு எவருமில்லை. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் இரண்டு ஆசியத் தொழிலாளர்களைக் கவனிக்கவென அனுப்பப்பட்டன. பேதி பரவிய பின்னரே அவை வந்து சேர்ந்தன.

ஆகவே மழையும் மூங்கிலும் ஆறும் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சிகள். யார் நடத்தினர் என்பதற்கு அவை விடை கூறா. கபிலரின் குருகைப் போல அவை அங்கே இருந்தன, அவ்வளவே. குறுந்தொகைப் பாடலில் கள்வன் யாரெனத் தலைவி அறிவாள். குருகின் மேல் அவள் பழி சுமத்துவதில்லை. நம் வரலாற்று வாசிப்பும் அத்தகைய தெளிவுடையதாக இருத்தல் வேண்டும். ஒரு நாவல் மழையை வருணிக்கும்போது, அம்மழையில் கூரை வேய அத்தாப்பு கொடுக்க மறுத்தவர் யார், கொதிநீருக்கு விறகு வெட்ட நேரம் தராதவர் யார் என்பதையும் சேர்த்துக் காட்டுமாயின் அங்கே இயற்கை உண்மையான சாட்சியாகிறது. அவ்வாறன்றி மழையோடு நிறுத்திக்கொள்ளுமாயின், அவ்விடத்தில் வருணனை அழகாயிருக்கலாம், நீதி குறைவுபடுகிறது.

பின்தங்கிய தோட்டம்

இந்தக் கதையின் மறுபாதி மலாயாவிலேயே நிகழ்ந்தது. தோட்டத்திலிருந்து இத்துணைப் பேரைத் திரட்ட ஜப்பானியரால் எவ்வாறு இயன்றது என்று வினவினால், விடை பால்மரத்திடம் உள்ளது. மலாயாவின் ரப்பர் ஐரோப்பியச் சந்தையையும் அமெரிக்கச் சந்தையையும் நம்பியிருந்தது. போரினால் அச்சந்தைகள் மூடப்பட்டதும் பால்வெட்டு பெரும்பாலான தோட்டங்களில் நின்றது. வேலையும் அரிசியும் இல்லாத தொழிலாளி எளிதில் திரட்டப்பட்டான். வெட்டுப்படாத மரங்கள் நிரைநிரையாக நின்ற காலமும் வெட்டுவோர் சயாமுக்குச் சென்ற காலமும் ஒன்றே. கீழே புதர் மண்டிற்று. லாலான் புல் ஏறிற்று. எஞ்சிய பெண்களும் முதியோரும் மரவள்ளி நட்டு உயிர் காத்தனர். அக்காலத்தைக் கண்ட முதியோர் 'கிழங்கு தின்ற காலம்' என்றே அதனைச் சுட்டி வந்ததைத் தோட்டப்புறத்தை அறிந்தோர் நினைவுகூர்வர்.

புண்ணியவான் தம் நாவலுக்குக் 'கையறு' எனப் பெயரிட்டமை இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கையறுநிலை என்பது இறந்தோரை எண்ணி எஞ்சியோர் செயலற்று வருந்தும் துறை. பாரி மகளிர் பாடலின் துறையும் அதுவே. வேந்தர்க்கும் வள்ளல்களுக்கும் உரியதாயிருந்த துறைப்பெயர் இங்கே பால்வெட்டுத் தொழிலாளர்க்கு வழங்கப்பட்டுள்ளது. அவர்கள் மாண்டபோது பாடப்படாத கையறுநிலையைப் பின்வந்தோர் ஒருவர் பாடுகிறார் என்று கொள்ளலாம். பாரி மகளிர்க்கு நிலவு எதுவோ, தோட்டத்துப் பெண்களுக்கு அந்தப் பால்மர நிரை அது. கணவன் வெட்டிய நிரை மரம் மாறாமல் நிற்கிறது, வெட்டியவன் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கும் இவ்விழப்பை முழுமையாகச் சொல்வதில்லை. மலாயா, சிங்கப்பூர் இந்தியர் தொகை 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைவிட 1947இல் குறைந்திருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது தாயகம் திரும்பியோரும் இதற்கு ஒரு காரணம். போர்க்கால இறப்பும் ஒரு காரணம். இரண்டையும் பிரித்துக் காட்டும் திறன் எண்களுக்கு இல்லை. எண்கள் ஒன்றாகக் கலந்துவிடும் இடத்தில் கதை பிரித்துக் காட்டுகிறது.

போர் முடிந்தும் மரங்களுக்கு அமைதி வாய்க்கவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. இக்காலத்தில் இயற்கை வெறும் பார்வையாளராகக்கூட விடப்படவில்லை. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் முதலாளிகளுக்கு இழப்பு உண்டாக்கப் பால்மரங்களின் பட்டையை வெட்டிச் சிதைத்தனர். பிரிட்டானியர் சாலையோரக் காடுகளில் மறைந்திருந்து தாக்குவதைத் தடுக்கக் களைக்கொல்லி இரசாயனம் தெளித்தனர். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்க் காட்டோரம் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' இந்த இருவேறு காலங்களையும் ஓர் ஆற்றங்கரையில் வைத்து இணைக்கிறது. சிலாங்கூரின் லங்காட் ஆற்றை ஒட்டி வாழ்ந்த தமிழர்கள் ஜப்பானியர் ஆட்சியிலும் அதன்பின் எழுந்த கம்யூனிஸ்டு கிளர்ச்சியிலும் இருபுறமும் நெருக்குண்ட வரலாற்றை அது பேசுகிறது. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, ஆறு ஒன்றே. நாவலுக்கு மனிதர் பெயரை இடாது ஆற்றின் பெயரை இட்டமை, எவ்வாட்சியின் ஆவணத்தையும் முழுதாக நம்ப இயலாத ஒரு சமூகத்தின் நிலைப்பாட்டைக் காட்டுவதாக நாம் கருதுகிறோம். பிரிட்டானியக் கோப்பில் அவர்கள் ஐயத்திற்குரியோர். கிளர்ச்சியாளர் பார்வையில் காட்டிக்கொடுக்கக் கூடியோர். இரண்டு பக்கத்தையும் சாராது நின்று கண்டது ஆறு மட்டுமே.

சாட்சி அழியும் காலம்

இயற்கை என்றென்றும் நிலைத்து நின்று சாட்சி சொல்லும் என்ற நம்பிக்கையையும் வரலாறு மறுக்கிறது. போருக்குப் பின் ரயில் பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. இன்று தாய்லாந்தில் நம்தோக் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவுக்கே வண்டி ஓடுகின்றது. அதற்கு மேலுள்ள பகுதியைக் காடு மூடிற்று. 1980களில் குவே நொய் ஆற்றின்மேல் கட்டப்பட்ட காவ் லேம் அணையின் நீர்த்தேக்கத்தில் பாதையின் ஒரு பகுதி மூழ்கிற்று. அங்கிருந்த முகாம் மனைகளும் புதைகுழிகளும் இன்று நீரின் அடியில் உள்ளன. ஆஸ்திரேலியர் தம் வீரர்கள் பாறை உடைத்த கோன்யூ கணவாயில் காட்டை விலக்கிப் பாதையை வெளிப்படுத்தி 1998இல் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். ஒரு நாடு தன் மக்களுக்காகக் காட்டைத் திறந்து பார்த்தது. தமிழ்த் தொழிலாளர்க்காகக் காட்டைத் திறந்து பார்க்க நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை.

ஆயினும் நிலம் சில வேளைகளில் தானாகவே பேசியதுண்டு. 1990இல் காஞ்சனபுரியில் வேளாண் நிலம் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை எனக் கருதப்படுகின்றன. 2023இல் காஞ்சனபுரியில் மாண்ட தமிழர்களுக்கென நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. ஏறத்தாழ எண்பதாண்டுகள் கழித்து வந்த அக்கல், பெயரறியாப் பல்லாயிரவர்க்கும் பொதுவான ஒரு கல். போரில் வீழ்ந்தார்க்குக் கல் நடும் பழந்தமிழ் வழக்கு, ஆயுதம் ஏந்தாது மாண்ட தொழிலாளரையும் இவ்வாறு தழுவிக்கொண்டது.

மலேசியாவிலும் சாட்சி குறைந்துகொண்டே வருகிறது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், அதன்பின் ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பரவியமை, 1980கள் தொடங்கி நகர விரிவாக்கத்திற்காகத் தோட்டங்கள் விற்கப்பட்டமை ஆகியவற்றால் பால்மர நிரைகள் பல மறைந்தன. லயமும் ஆயாக் கொட்டகையும் மாரியம்மன் கோவிலும் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. போரின்போது ஆள் பெயர்ந்தான், மரம் நின்றது. பின்னர் மரமும் பெயர்ந்தது. ஆதலால் இந்நாவல்களில் பதிவாகியுள்ள மர நிரைகளும் ஆற்றுத் துறைகளும் காட்டுப் பாதைகளும் இனிப் புனைகதையில் மட்டுமே காணக் கிடைக்கும் நிலை உருவாகியுள்ளது. சாட்சியின் சாட்சியாக நாவல் நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகளை நாம் எட்டலாம். முதலாவதாக, சயாம் மரண ரயில் பற்றிய தமிழ் நாவல்களில் வரும் இயற்கை வருணனை, வரலாற்று மாணவர் கடந்து செல்லத்தக்க அலங்காரம் ஆகாது. பருவம், தாவரம், நீரோட்டம் ஆகியன பற்றிய குறிப்புகள் எழுத்தறியாதோரின் நினைவிலிருந்து வந்தவை. காலத்தையும் இடத்தையும் நோயின் போக்கையும் உறுதிப்படுத்த உதவுபவை. இரண்டாவதாக, அவ்வருணனையை அளந்து வாசித்தல் வேண்டும். இயற்கை செயப்பட்டவற்றைக் காட்டுகிறதா, செய்தவர்களை மறைக்கிறதா என்ற வினாவே அளவுகோல். மூன்றாவதாக, இயற்கையும் அழியக் கூடியது. அதன் சாட்சியத்தைப் பதிந்து வைக்கும் கடமை எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் உரியது.

இந்நாவல்களை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும் தமிழாசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். மாணவர் ஒரு பகுதியை வாசித்தபின், அதிலுள்ள வாக்கியங்களின் எழுவாய்களை மட்டும் பட்டியலிடட்டும். மழை, காய்ச்சல், காடு, பேதி என்றே பட்டியல் நீளுமாயின், அங்கே ஆணையிட்டவர் யார், ஆள் பிடித்துக் கொடுத்தவர் யார், மருந்து தர மறுத்தவர் யார் என வினவட்டும். இலக்கணப் பாடமும் வரலாற்றுப் பாடமும் அவ்வினாவில் ஒன்றாகிவிடும். அதனையடுத்து, தம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் அங்கு நின்ற மரத்தையும் ஓடிய ஆற்றையும் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். சயாமுக்குச் சென்று திரும்பாதவரின் பெயர் எதுவேனும் எஞ்சியிருக்குமாயின், அப்பெயர் கிடைப்பதற்கு இன்று நமக்கு எஞ்சியுள்ள வழிகளுள் அதுவும் ஒன்று.

திருப்புறம்பியத்து வன்னி மரம் தானாக மதுரைக்கு வரவில்லை. தன் சொல்லை எவரும் நம்பாத ஒரு பெண் அதனை அழைத்தாள். சயாமின் காடும் அழைப்போர் உளராயின் பேசும்.